பின்சீட்டில் மூன்று பேர்

என் கார் சின்னக் கார். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர் என்றால் சௌகரியம். பின்னால் மூன்றாவதாக ஒருவர் உட்கார்ந்தால் மூவரும் ஒரே பக்கமாக மூச்சு விட வேண்டும். அந்தக் காரில் முன்சீட்டைக் காலியாக விட்டுவிட்டு, படித்து வேலையில் இருக்கும் மூன்று ஆண்கள் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு இரண்டு மாதத்துக்கு மேல் என்னோடு ஆபீஸுக்கு வந்தார்கள்.

நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரன். ஹைதராபாத் வந்து பதினைந்து வருடத்துக்கு மேலாகிறது. வீடு ஏ.எஸ்.ராவ் நகரில், ஆபீஸ் மாதாப்பூரில். திருமலகிரி, போயின்பள்ளி, பாலாநகர் வழியாகப் போக வேண்டும். நல்ல நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கெட்ட நாள்களைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

மூவரும் எங்கள் ஆபீஸ்தான், எங்கள் ஏரியாதான். முதலாமவர் கோயம்புத்தூர்க்காரர். கணக்குப் பிரிவு. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். நல்ல பருமன், நல்ல மனசு. இரண்டாமவர் வாரங்கல்காரர். வேலூரில் படித்ததால் தமிழ் பேசுவார். விடுதியில் கற்ற தமிழ் என்பதால் அதில் பாதியைப் பெண்கள் இருக்கும் இடத்தில் பேச முடியாது. மூன்றாமவர் சென்னைக்காரர், முப்பதுக்குள். காதில் பாட்டுக் கேட்கும் கருவியை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினால் மாதாப்பூரில்தான் திறப்பார். பெட்ரோலுக்குப் பணம் தருகிறோம் என்று ஆரம்பத்தில் வற்புறுத்தினார்கள். எப்படியும் போகிற வண்டிதானே என்று நான் மறுத்துவிட்டேன். வயதையும் உடம்பையும் முன்னிட்டு முன்சீட்டு கோயம்புத்தூர்க்காரருடையது. அதை யாரும் முடிவு செய்யவில்லை, அப்படி அமைந்துவிட்டது.

இன்னொருவனைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒன்பது வருடமாக நானும் அவனும் ஒரே வீட்டில் இருக்கிறோம். லாலாகுடா ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பம் அவனுடையது. பாலாநகரில் இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. வீட்டுக்காரருக்கும் அக்கம்பக்கத்துக்கும் ஆபீஸுக்கும் அவன் என் ரூம்மேட். இந்த வயதிலும் ரூம்மேட்டா என்று சிலர் யோசித்திருப்பார்கள். ஊரில் வாடகை ஏறிக்கொண்டே போனதால் யாரும் அதிகமாக யோசிக்கவில்லை.

பாலாநகர் என் வழியில்தான் இருக்கிறது. ஆனாலும் அவன் ஸ்கூட்டரில்தான் போவான். இது நாங்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்து செய்துகொண்ட ஏற்பாடு. அவன் முன்பு வேலை பார்த்த இடத்தில், இதேபோல ரூம்மேட்டோடு இருந்த ஒருவரைப் பற்றி விஷயம் வெளியே தெரிந்துபோனது. அவர் தண்ணீர் குடிக்கும் டம்ளரில் மட்டும் சிவப்பு பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைத்தார்கள். யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. அவர் அடுத்த மாதம் வேலையை விட்டுப் போனார். அந்த டம்ளரை அவன் பார்த்திருக்கிறான். அதனால் காலையில் அவன் எனக்கு முன்னால் கிளம்பிவிடுவான். போயின்பள்ளி பக்கம் நான் அவனைத் தாண்டிப் போவேன். இருவரும் திரும்பிப் பார்த்துக்கொள்வதில்லை.

ஒரு மழை நாளில் அவன் ஹெல்மெட்டுக்கு மேல் பிளாஸ்டிக் கவரைக் கட்டிக்கொண்டு போனான். கோயம்புத்தூர்க்காரர் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "பாவமுங்க, அந்தாளப் பாருங்க. கவர மாட்டிட்டுப் போறாரு" என்றார். அது எங்கள் வீட்டில் கோதுமை மாவு வாங்கி வந்த கவர். "ஆமா" என்றேன்.

கோயம்புத்தூர்க்காரருக்கு என் கல்யாணத்தைப் பற்றி உண்மையான கவலை இருந்தது. மூன்று வருடமாகப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். அம்மா குணமானாள். ஜாதகத்தில் தோஷம் என்றேன். தோஷமுள்ள பெண்ணாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு மே மாதக் காலையில், போயின்பள்ளி சிக்னலில், கைப்பேசியை என் முன்னால் நீட்டினார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. எங்க சித்தப்பா பொண்ணுங்க இது. பொள்ளாச்சில டீச்சருங்க. உங்களுக்கும் நாப்பத்தொண்ணு ஆச்சு. இன்னும் ரெண்டு வருசம் போனா பொண்ணு வீட்ல யோசிப்பாங்க."

படத்தில் அந்த டீச்சர் ஒரு தொட்டிச் செடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நல்ல முகம். என்னிடம் சொல்வதற்குக் காரணம் எதுவும் மிச்சமில்லை.

"வேண்டாம் சார். வீட்ல ஆள் இருக்கு."

"யாருங்க? உங்க ரூம்மேட்டுதானுங்களே இருக்காரு."

"அவர்தான்."

"அவர்தான்னா?"

"அவரைத்தான் சொல்றேன். ஒன்பது வருஷமா."

பின்னால் சென்னைக்காரர் ஒரு காதிலிருந்து கருவியைக் கழற்றுவது கண்ணாடியில் தெரிந்தது. வாரங்கல்காரர் ஜன்னலுக்கு வெளியே ஒரு பழ வண்டியைப் பார்த்தார். கோயம்புத்தூர்க்காரர் "ஓ" என்றார். கைப்பேசியில் டீச்சர் இன்னும் தெரிந்துகொண்டிருந்தார். அவரை என்ன செய்வதென்று தெரியாமல் தொடைமேல் கவிழ்த்து வைத்தார். அடுத்து அந்தக் காரில் பேசியது வழி சொல்லும் செயலியின் பெண் குரல்தான். இடது பக்கம் திரும்பச் சொன்னது. திரும்பினேன்.

மறுநாள் காலை மூவரும் வழக்கமான இடத்தில் நின்றார்கள். அதுவே எனக்கு ஆறுதலாக இருந்தது. கோயம்புத்தூர்க்காரர் பின்கதவைத் திறந்தார்.

"ஏ.சி. மூஞ்சில அடிக்குதுங்க சார். சைனஸ் தொந்தரவு."

"நீங்க முன்னால வாங்க" என்று வாரங்கல்காரரிடம் சொன்னேன்.

"எனக்கு முன்னால உக்காந்தா வாந்தி வரும் சார்."

பின்னால் உட்கார்ந்தால் வாந்தி வரும் என்றுதான் நான் கேள்விப்பட்டிருக்கிறேன். சென்னைக்காரர் காரணம் எதுவும் சொல்லவில்லை. நடுவில் ஏறி முழங்காலை ஒடுக்கிக்கொண்டார்.

அன்று வழி முழுவதும் என் இடது கையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். முன்சீட்டுக்கும் எனக்கும் நடுவில் இருந்தது அது ஒன்றுதான். அதற்கு கியர் மாற்றத் தெரியும், சாப்பாட்டுத் தட்டைப் பிடிக்கத் தெரியும். வேறு என்ன செய்துவிடும் என்று இவர்கள் பயப்படுகிறார்கள்? அவமானம் என்றால் முகம் சுடும் என்பார்கள். எனக்குக் கை சில்லிட்டது. ஏ.சி.யைக் குறைத்தேன். பின்னாலிருந்து, கொஞ்சம் கூட்டி வைக்க முடியுமா, வியர்க்கிறது என்றார் கோயம்புத்தூர்க்காரர்.

ஏன் அவர்களை ஏற்றிக்கொண்டு போனாய் என்று பிற்பாடு சிலர் கேட்டார்கள். வராதீர்கள் என்று சொல்ல வேண்டுமானால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் அவர்களிடம் இருந்தது. அவர்களும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று வேறு நினைத்தேன். அவர்களுக்கும் அந்த வழியில் வேறு வசதியான வண்டி இல்லை.

செய்தி என் காரைவிட வேகமாக ஆபீஸ் போய்ச் சேர்ந்துவிட்டது. மதியச் சாப்பாட்டில் அம்மா அனுப்பும் நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டில் மேஜையைச் சுற்றிவந்து காலியாகத் திரும்புவது வழக்கம். இப்போது மூடி திறக்காமலேயே என்னிடம் திரும்பியது. அம்மா அனுப்புவதை நிறுத்தவில்லை. நான் ஒருவனே தின்று தீர்த்தேன். ரத்த அழுத்தம் கூடியது.

புனேயில் ஒரு வாடிக்கையாளர் வேலைக்கு எங்கள் குழுவிலிருந்து நான்கு பேர் போவதாக இருந்தது. அந்த வேலைக்கான மென்பொருளை எழுதியவன் நான். மேலாளர் என்னைத் தனி அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"ஹோட்டல்ல ரெண்டு பேருக்கு ஒரு ரூம்தான் குடுக்கறாங்க. உங்களுக்கே சங்கடமா இருக்கும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"எனக்குச் சங்கடம் இல்லையே சார்."

"அதான் சொல்றேன்" என்றார்.

என்ன சொன்னார் என்பதை இன்றுவரை நான் முழுதாகப் புரிந்துகொள்ளவில்லை. போனது வேறொருவர். புனேயிலிருந்து ஒரு நாளைக்கு நான்கு முறை என்னைத்தான் போனில் கூப்பிட்டு எப்படிச் செய்வது என்று கேட்டார்.

இதற்கிடையில் ஜூன் வந்தது. எங்கள் ஆபீஸில் ஜூன் மாதம், என்னைப் போன்றவர்களை ஆதரிக்கும் அடையாளமாக, வானவில் போஸ்டர் ஒட்டுவார்கள். நம் நிறுவனம் எல்லோரையும் வரவேற்கிறது என்று லிப்டுக்குள் எழுதியிருக்கும். அந்த வருடம் அடையாள அட்டை தொங்கவிட வானவில் நிறத்தில் நாடாவும் கொடுத்தார்கள். போடாதவர்களிடம் மனிதவளத் துறையிலிருந்து வந்து அன்பாக ஏன் என்று கேட்டார்கள். அதனால் ஒரு மாதம் முழுவதும் என் காரின் பின்சீட்டில் மூன்று பேர், மூன்று வானவில் நாடாக்களோடு, தோளோடு தோள் இடித்துக்கொண்டு வந்தார்கள். ஆபீஸ் வாசலில் புதிதாக வந்த காவலாளி அவர்களுக்கு சல்யூட் அடித்தார். என்னிடம் குனிந்து, டிரைவர்கள் உட்காரப் பின்பக்கம் நிழல் இருக்கிறது, தண்ணீரும் வைத்திருக்கிறோம் என்றார். நல்ல மனிதர். நன்றி சொன்னேன்.

ஒரு நாள் பாலாநகர் தாண்டியதும் போக்குவரத்து போலீஸ் அதிகாரி ஒருவர் கையைக் காட்டி வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். வெள்ளை போர்டு வண்டி, ஒருவன் ஓட்டுகிறான், மூவர் பின்னால் இருக்கிறார்கள். சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

"டாக்ஸீனா?" என்றார்.

"காது சார், ஃப்ரெண்ட்ஸ்" என்றார் வாரங்கல்காரர். டாக்ஸி இல்லை, நண்பர்கள். அந்த வார்த்தையைக் கேட்டுச் சில வாரம் ஆகியிருந்ததால் நானும் திரும்பிப் பார்த்தேன்.

அதிகாரி குனிந்து முன்சீட்டைப் பார்த்தார். "ஃப்ரெண்ட் அயித்தே முந்து சீட்டு எந்துக்கு காளீ?"

நண்பர் என்றால் முன்சீட்டு ஏன் காலி. நியாயமான கேள்வி. நான் கேட்கத் தயங்கியதை அவர் தெருவில் நின்றுகொண்டு கேட்டுவிட்டார். பதில் எனக்கும் தேவைப்பட்டதால் காத்திருந்தேன். சைனஸ் என்று ஒருவரும் சொல்லவில்லை. கடைசியில் வாரங்கல்காரர் முன்சீட்டில் பெல்ட் வேலை செய்யவில்லை என்றார். அதிகாரி கையை உள்ளே விட்டு பெல்ட்டை இழுத்து மாட்டிப் பார்த்தார். நன்றாக வேலை செய்தது. ஒருவர் முன்னால் வந்து உட்காருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, உட்காரும்வரை இடுப்பில் கைவைத்து நின்றார்.

பின்னால் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இடது கதவோரம் இருந்த கோயம்புத்தூர்க்காரர் இறங்கி முன்னால் வந்தார். பெல்ட்டைப் போட்டார். மடிக்கணினிப் பையை எங்கள் இருவருக்கும் நடுவில் நிமிர்த்தி வைத்தார். மூசாபேட்டை வரை அதைப் பிடித்துக்கொண்டே வந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க சார். வீட்ல தெரிஞ்சா பேசுவாங்க."

"என்ன தெரிஞ்சா?"

"நான் முன்னால உக்காந்ததுங்க."

மறுநாள் மறுபடி பின்னால் ஏறிக்கொண்டார்.

இதையெல்லாம் வீட்டில் நான் சொல்லியிருக்கவில்லை. காரில் உண்மையைச் சொன்னதைச் சொல்லியிருந்தேன். என்ன சொன்னார்கள் என்று கேட்டான். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அது பொய்யில்லை. ஆனால் ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் இருவரும் கார் கழுவிக்கொண்டிருந்தபோது அவன் கால் மிதிகளை எடுத்து உதறினான். பின்னால் இருந்ததில் சேறு அப்பிக் கிடந்தது. முன்னால் இருந்தது கடையில் வாங்கியதுபோல இருந்தது.

"முன்னாடி மேட் கைக்கு இவ்ளோ சுத்தமா இருக்கு?" என்றான். லாலாகுடா பேச்சில் கைக்கு என்றால் ஏன்.

சொன்னேன். முதலில் அவன் சிரித்தான். மூன்று பேருமா, அந்தத் தடிமனானவர்கூடவா என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தான். அப்புறம் குழாயை மூடிவிட்டுப் படியில் உட்கார்ந்தான். அவன் கோபம் அப்படித்தான் வரும், தண்ணீரை வீணாக்காது.

"நான் மழைல ஸ்கூட்டர்ல போறேன். நம்ம வண்டில சீட்டு காலியாப் போவுது. ஹவ்? ஆமாவா இல்லையா?"

"ஆமா."

"நாளைக்கு நான் வர்றேன் பா. முன்னால."

"ஃபேக்டரில கேப்பாங்களே. நீதானே வேண்டாம்னு சொன்ன."

"நக்கோ, அந்தப் பேச்சு வேணாம். கேட்டா கேக்கட்டும். அந்த டம்ளர் ஆளு சும்மா போயிட்டாரு. இவனுங்களுக்காக நான் இனிமே நனைய மாட்டேன்."

அவனுக்குப் பயம் இல்லாமல் இல்லை. அன்று ராத்திரி சாப்பிடும்போது, வேலை போனால் வேறு எங்கே கேட்கலாம் என்று இரண்டு இடம் சொன்னான். அப்புறம் ரசம் கேட்டான்.

திங்கட்கிழமை காலை மூவரும் கார் வருவதைப் பார்த்துப் பின்கதவுப் பக்கம் நகர்ந்தார்கள். பிறகுதான் முன்னால் ஆள் இருப்பதைப் பார்த்தார்கள். மூவரும் பின்னால் உட்கார அன்றுதான் முதன்முறையாக நியாயமான காரணம் கிடைத்தது.

அவன் திரும்பி, "வணக்கம் பா. நான்தான் ரூம்மேட்" என்றான்.

"வணக்கமுங்க" என்றார் கோயம்புத்தூர்க்காரர். வாய் தானாகச் சொல்லிவிட்டது. மரியாதையை அவரால் அடக்க முடியாது.

அவன் உயரம். கால் நீட்ட இடமில்லாமல் சீட்டைப் பின்னுக்குத் தள்ளினான். கோயம்புத்தூர்க்காரரின் முழங்காலில் போய் இடித்தது. "சாரி பா, கால் நீளம்" என்று இன்னும் கொஞ்சம் தள்ளினான். பாலாநகர் வரை அவன்தான் பேசிக்கொண்டு வந்தான். எந்தச் சந்தில் குழி வெட்டியிருக்கிறார்கள், எந்த மேம்பாலத்துக்குக் கீழே தண்ணீர் நிற்கும் எல்லாம் ஸ்கூட்டர்க்காரனுக்குத் தெரியும். அவன் சொன்ன சந்தில் திருப்பினேன். சீக்கிரம் போய்விட்டோம்.

தொழிற்சாலை வாசலில் அவன் சாப்பாட்டு டப்பாவோடு இறங்கி உள்ளே போனான். சாயங்காலம் கேட்டேன். யார் கார் என்று ஒருவர் விசாரித்தாராம். வீட்டுக் கார் என்றானாம். எத்தனை கிலோமீட்டர் தரும் என்று கேட்டாராம். அத்தோடு முடிந்ததாம். இதற்காகவா இத்தனை வருடம் நீ நனைந்தாய் என்றேன். ஆனால் டம்ளரில் கோடு விழாது என்று அவன் இன்னும் நம்பவில்லை. தண்ணீர் பாட்டிலை வீட்டிலிருந்தே கொண்டுபோகிறான்.

அதற்குப் பிறகு பின்சீட்டில் இடம் தாராளமானது. வாரங்கல்காரர் மாதக் கடைசியில் சொந்தமாகக் கார் வாங்கினார். முன்னால் உட்கார்ந்தால் வாந்தி வருகிறவர் எப்படி ஓட்டுகிறார் என்று நான் கேட்கவில்லை. சென்னைக்காரர் கச்சிபவுலி பக்கம் ஒரு விடுதிக்கு மாறிக்கொண்டார். கடைசி நாள் இறங்கிவிட்டு என் ஜன்னல் பக்கம் சுற்றிவந்தார்.

"அண்ணா, எனக்கு உங்க மேல ஒண்ணும் இல்லண்ணா. அவங்க ரெண்டு பேரும் பின்னால ஏறுனாங்க. நானும் ஏறிட்டேன்."

அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும். சரிப்பா என்றேன். ஊறுகாய் பிடிக்கும் என்றார். ஒரு பாட்டில் கொடுத்தேன்.

மிஞ்சியவர் கோயம்புத்தூர்க்காரர். பின்சீட்டில் இடது ஓரம், தனியாக. பாலாநகரில் அவன் இறங்கிய பிறகும் முன்னால் வரமாட்டார். ஆபீஸ் காவலாளி அவரைப் பெரிய அதிகாரி என்று முடிவுகட்டி, ஓடிவந்து கதவைத் திறந்துவிட ஆரம்பித்தார். அவருக்கே அது கூச்சமாக இருந்தது. ஆனாலும் இறங்கிக்கொண்டார்.

அவனோடு மட்டும் மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தார். அவருக்கு ஒரே மகள். ஹைதராபாத்திலேயே படிப்பதால் வீட்டில் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிறாள் என்பது அவருடைய பெரிய வருத்தம்.

"நானும் அப்படித்தான் பா" என்றான் அவன். "எங்கம்மா தமிழ்ல திட்டுவாங்க. நான் ஹிந்தில அழுவேன்."

கோயம்புத்தூர்க்காரர் சத்தமாகச் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு என்னைக் கண்ணாடியில் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

தை மாதம் அவர் காப்ராவில் புது பிளாட் வாங்கிக் கிரகப்பிரவேசம் வைத்தார். காரில் வைத்துப் பத்திரிகையைக் கொடுத்தார். மேலே என் பெயர் மட்டும் எழுதியிருந்தது.

"அவசியம் குடும்பத்தோட வந்துருங்க" என்றார்.

எல்லோரிடமும் அதே வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லி வாய் பழகியிருந்தது. சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது போலிருக்கிறது. கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். "வந்துருங்க" என்று மறுபடி சொன்னார், குடும்பத்தை எடுத்துவிட்டு.

முதலில் சொன்னதையே எடுத்துக்கொண்டு இருவரும் போனோம். அவன் இஸ்திரி போட்ட வேட்டி கட்டினான். லாலாகுடாவில் யாரும் அவனுக்கு அதைச் சரியாகக் கட்டச் சொல்லித் தராததால் மேலே பெல்ட்டும் போட்டான். ஆபீஸ்காரர்கள் ஒரு பக்கமாக நின்றிருந்தார்கள். எங்களைப் பார்த்துத் தலையாட்டினார்கள். பந்தியில் அவனுக்கு அடுத்த நாற்காலி கொஞ்ச நேரம் காலியாகவே இருந்தது. பிறகு, எதுவும் தெரியாத பொள்ளாச்சி உறவினர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். உங்களுக்கு அப்பளம் வேணுங்களா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவன் இலையிலிருந்து எடுத்துத் தின்றார்.

கிளம்பும்போது வாசலில் கோயம்புத்தூர்க்காரரின் மனைவி தாம்பூலப் பை கொடுத்துக்கொண்டிருந்தார். அவரை அன்றுதான் முதன்முறையாக நேரில் பார்த்தேன். குடும்பத்துக்கு ஒன்று, தனியாக வந்தவர்களுக்கு ஆளுக்கு ஒன்று என்று கொடுத்தார். எங்களுக்கு முன்னால் போன ஆபீஸ்காரர்கள் இருவருக்கும் தனித்தனியாகக் கிடைத்தது. எங்கள் முறை வந்ததும் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், அவன் பெல்ட்டைப் பார்த்தார்.

"சாப்டீங்களா?" என்று கேட்டு ஒரு பையை அவன் கையில் கொடுத்தார்.

நாங்கள் சற்று நின்றோம். அவர் எங்களுக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்திருந்தார். பைகள் குறைவாக இருந்திருக்கலாம். கீழே வரும்வரை அவன் அந்தப் பையை என்னிடம் கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை கோயம்புத்தூர்க்காரர் வழக்கம்போலப் பின்னால் ஏறினார். தேங்காய் நன்றாக இருந்ததா, சிலருக்கு அழுகல் வந்துவிட்டதாம் என்று விசாரித்தார்.

"நல்லா இருந்துச்சு பா" என்றான் அவன். "நேத்து சட்னி அரைச்சோம்."